நீல வட்டத்துக்குக் கீழே

செப்டம்பர் 2

கரடிகளுக்குப் பாடம் எடுக்கும் தங்கைக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது. மலையில் போனுக்கு சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். நாளைக் காலை சாமான் ஏற்றிக்கொண்டு உன் ஆராய்ச்சிக் குடிலுக்கு வரும் ஜீப்பில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு வாரத்தில் ஊரில் ஐந்து குப்பைத்தொட்டிகளைக் கரடி திறந்திருக்கிறது. உடைக்கவில்லை, திறந்திருக்கிறது. இந்த வரியை இன்னொரு முறை படி.

பதினோரு வருஷமாக இந்த ஊருக்குத் தொட்டி செய்து கொடுப்பவன் நான். மூடியின் முன்பக்கம் நெடுகத் தகரத்தில் ஒரு குடை மாதிரி வைத்திருப்பேன். அதற்கு அடியில் ஏதோ ஓர் இடத்தில் தாழ் இருக்கும். சிலதில் இடது பக்கம், சிலதில் வலது பக்கம். எங்கே கையை விடுவது என்று மனிதர்களுக்குத் தெரிவதற்காக அதற்கு நேர் மேலே ஒரு நீல வட்டம் அடிப்பேன். இத்தனை வருஷமாகக் கரடிகள் உருட்டிப் பார்த்தன, மேலே ஏறிக் குதித்தன, ஒன்றும் நடக்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கிற மாதிரி திறந்து, தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

ஐந்தாவது தொட்டி பள்ளிக்கூட வாசலில் இருந்தது. அதோடு ஊர் பொறுமை இழந்துவிட்டது. சுட்டுவிட வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

பிப்ரவரியில் ஆள் அனுப்பி என்னிடம் எட்டுப் பெட்டி செய்து வாங்கினாய். அதை வைத்து மேலே என்ன செய்துகொண்டிருக்கிறாய்? மழுப்பாமல் எழுது.

அண்ணன்


செப்டம்பர் 3

பட்டறைக்காரர் அவர்களுக்கு,

டிரைவர் அரை மணி நேரம்தான் நிற்பேன் என்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீங்கள் செய்த ஒவ்வொரு பெட்டியிலும் இடமும் வலமுமாக இரண்டு வாய் இருக்கிறது. ஒன்றின் மேல் வட்டம், மற்றதன் மேல் முக்கோணம். வட்டத்துக்குக் கீழே கையை விட்டால் தாழ் விடுபடும், உள்ளே உலர்ந்த ஆப்பிள் கிடைக்கும். முக்கோணத்துக்குக் கீழே வெறும் தகடு. தினமும் அடையாளத்தைத் தாழோடு சேர்த்து இடம் மாற்றி வைப்பேன், ஆகவே இடத்தை மனப்பாடம் செய்ய முடியாது. ஆப்பிள் நடுவில் இருப்பதால் மூக்கும் துப்புச் சொல்லாது. கண்ணால் பார்த்து, 'இந்த அடையாளம் இருந்தால் இங்கே' என்று ஒரு காட்டுக் கரடி தானாகக் கற்றுக்கொள்ளுமா? இதுதான் என் கேள்வி. கூண்டில் வளர்ந்த கரடிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். எவர் கையிலும் வளராத கரடி என்ன செய்யும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கற்றுக்கொண்டது. ஒரே ஒரு கரடி, பத்தொன்பது நாளில். ஆனால் அது ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் இருப்பது. ஊருக்கும் எனக்கும் இடையில் பதினெட்டு கிலோமீட்டர். நடந்த எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தெருக் கேமராவில் அது பதிவாகியிருந்தால் பாருங்கள். இடது காது கிழிந்திருக்கிறதா? குட்டிகள் உண்டா?

இப்படிக்கு,
தங்கை


செப்டம்பர் 5

தங்கச்சிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணி வாசித்துவிட்டு, "உங்க குடும்பத்துல கோபம் வந்தா மரியாதையும் கூடவே வந்துடுது" என்றாள்.

கிழிந்திருக்கிறது. இடது காதுதான். இரண்டு குட்டி.

நேற்று நகராட்சிக் கூட்டம். பதினைந்தாம் தேதி வனத்துறையிலிருந்து சுடுகிறவர் வருகிறார். தாயைச் சுட்டால் குட்டிகளைப் பிடித்து எங்கேயோ அனுப்பிவிடுவார்களாம்.

கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. உன் பெட்டிக்கு என்ன தாழ் போட்டேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்? புதிதாக ஒரு தாழ் யோசிக்க அப்போது சோம்பலாக இருந்தது. அச்சு கையில் இருந்தது, தொட்டித் தாழையே வெட்டிப் போட்டுவிட்டேன். 'வட்டம் ஒண்ணு, முக்கோணம் ஒண்ணு' என்றுதான் நீ கேட்டிருந்தாய். நீலம் அடித்தது நான். தொட்டிக்கு அடிக்கிற அதே டப்பா. நீ ஒரு சாவி கேட்டாய், நான் ஊர்ச் சாவியையே கொடுத்துவிட்டேன். முதல் கடிதத்தை எழுதும்போதே இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னைத் திட்டினேன்.

இன்னொரு விஷயம். ஆபரேஷனுக்குப் பிறகு உன் அண்ணியை தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடக்கிற வழியில் ஊரிலுள்ள தொட்டி அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. நேற்று சாப்பிடும்போது கேட்டாள்.

"நூலகத் தெருவுல ஒம்போது தொட்டி இருக்கு. எல்லாத்துலயும் குப்பை ரொம்பியிருக்கு. கரடி அந்தத் தெரு வழியாத்தான் ரெண்டு தடவ போயிருக்கு. ஒண்ணக்கூடத் தொடல. ஏன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தெருவுல சாயங்கால வெயில் நேரா அடிக்கும். வட்டமெல்லாம் உரிஞ்சு போச்சு. நீங்க பெயின்ட் அடிக்கணும்னு மூணு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க."

"நீ கரடிப் படிப்பு படிச்சிருக்கலாம்" என்றேன். "படிச்சவங்க ரெண்டாம் நாளே கெளம்பிப் போயிடறாங்களே" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போன வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ இரண்டாம் நாளே மலையேறியதை இந்த வீட்டில் இப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அண்ணன்


செப்டம்பர் 6

அண்ணா,

அவள்தான். நான் அவளைக் கிழிஞ்சகாது என்று கூப்பிடுவேன். ஆகஸ்ட் இருபதுக்குப் பிறகு இங்கே வரவில்லை. 'மேற்குக் காட்டுக்குப் போயிருக்கலாம்' என்று என் நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன். அவள் போனது உன் தெருவுக்கு.

புதன்கிழமை ஜீப் வரும்வரை பொறு. யோசிக்க எனக்கு நாலு நாள் வேண்டும்.


செப்டம்பர் 10

அண்ணா,

தப்பு என்னுடையது. உன் தாழ், உன் பெயின்ட் எல்லாம் சரி. ஆனால் பெட்டி வந்து இறங்கியதும், 'இதே அடையாளம் வேறு எங்கேயாவது இருக்குமா' என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். அது என் வேலை. கரடிக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் அது என் பெட்டியோடு நின்றுவிடும் என்று நினைத்துவிட்டேன். கற்றுக்கொண்டதை அவள் கூடவே எடுத்துக்கொண்டு போவாள் என்று தோன்றவே இல்லை. எடுத்துக்கொண்டு போகாவிட்டால் அது என்ன படிப்பு?

அண்ணியின் ஒன்பது தொட்டிதான் இப்போது நம் கையிலிருக்கும் ஒரே துருப்பு. கிழிஞ்சகாதுக்குத் தாழ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. வட்டத்தைத்தான் தெரியும். வட்டம் இல்லாத தொட்டி அவளுக்கு வெறும் பாறை. ஆகவே மூன்று வேலை இருக்கிறது. ஊரிலுள்ள வட்டங்களை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய தொட்டி ஐந்தாறை எடுத்து, காலியாக வைத்து, மூடியைப் பற்றவைத்து, பளிச்சென்று வட்டம் அடித்து, ஆற்றிலிருந்து அவள் ஏறி வரும் பாதையில் வை. அவள் வந்து அழுத்திப் பார்ப்பாள், ஒன்றும் கிடைக்காது. இங்கேயும் என் பெட்டிகளை அப்படியே மூடிவிடுகிறேன். 'வட்டத்தில் ஒன்றுமில்லை' என்று அவள் கண்ணுக்குப் புரிய வேண்டும். மூன்றாவது வேலை உன்னுடையது, புதுத் தாழ். வட்டம் இல்லாத தொட்டிகளையும் என்றைக்காவது நோண்டிக் கண்டுபிடித்துவிடுவாள். அவள் முட்டாள் இல்லை.

இது பலிக்குமா? எனக்குத் தெரியாது. கற்றதை மறக்கவைப்பது கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம். சில கரடிகள் கோபத்தில் எல்லாவற்றையும் அடித்து நொறுக்க ஆரம்பித்துவிடும்.

கூட இருக்கும் காகிதத்தை நகராட்சியில் படி. கரடி இதை எங்கே கற்றது என்று என் பெயரோடு எழுதியிருக்கிறேன். என் ஆராய்ச்சி அனுமதி போனாலும் போகட்டும். நானே வந்திருப்பேன். பெட்டி எட்டும் எட்டு மூலையில் இருக்கின்றன, நடந்து போய் மூட நாலு நாள் ஆகும்.

தங்கை


செப்டம்பர் 13

தங்கச்சிக்கு,

படித்தேன். படித்து முடித்ததும், "தாழும் பெயின்ட்டும் என்னுது" என்று நானும் சொல்லிவிட்டேன்.

பிறகு நகராட்சித் தலைவர் கேட்டார். "அப்போ அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து கரடிக்குப் பாடம் சொல்லிக் குடுத்தீங்க. பரீட்சை நாங்க எழுதணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரித்த கூட்டம் உடனே சுடச் சொல்லாது என்று அப்போதே புரிந்தது. தலைமையாசிரியை எழுந்தார். அவர்தான் சுடச் சொல்லி முதலில் மனு கொடுத்தவர்.

"எனக்குக் கரடி மேல பகை இல்ல. என் வாசல்ல வரக் கூடாது, அவ்ளோதான். வராம செய்ய முடியும்னா செஞ்சு காட்டுங்க" என்றார்.

முப்பதாம் தேதிவரை தவணை. அதற்குள் ஒரே ஒரு தொட்டி திறந்தாலும் அன்றைக்கே சுடுகிறவருக்குத் தகவல் போகும். நிபந்தனை அப்படி.

நூற்று நாற்பது தொட்டி. நானும் பட்டறையில் இருவரும், பள்ளி ஆசிரியர்கள் நாலு பேரும் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தெருவில் எத்தனை என்று பட்டியல் போட்டுத் தந்தது உன் அண்ணி. வட்டம் போனதிலிருந்து ஊர்க்காரர்களுக்குத் தாழ் எங்கே என்று தெரியவில்லை. ஆளாளுக்குத் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். கரடி பார்த்தால் சிரிக்கும்.

போலித் தொட்டி ஆறும் இன்று பாலத்தடிக்குப் போகின்றன.

அண்ணன்


செப்டம்பர் 17

அண்ணா,

எட்டுப் பெட்டியையும் மூடிவிட்டேன். இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, அதனால் இதை எழுத முடிகிறது.

போன வருஷம் கரடிகள் குகையைவிட்டு வெளியே வரும் நேரம், போயே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய். கரடிகள் இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தன. அண்ணியின் மூக்கிலும் கையிலும் குழாய் போட்டுக் கிடத்தியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அம்மா கிடந்த கட்டில் ஞாபகம் வந்தது. அங்கே இன்னொரு நாள் இருந்தால் கத்திவிடுவேன் என்று இருந்தது. நீ காரிடாரில் நின்று, "உனக்குக் கரடிதான் சொந்தம், போ" என்றாய். போவதற்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உன் மேல் கோபப்பட்டுக்கொண்டே மலையேறிவிட்டேன். கோபம் இருந்தால் வெட்கம் தெரியாது.

அண்ணியிடம் இதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. நீ சொல்லிவிடு. இல்லை, வேண்டாம். நானே சொல்கிறேன். எப்போது என்று தெரியவில்லை.

கிழிஞ்சகாது வந்தாளா?

தங்கை


செப்டம்பர் 23

தங்கச்சிக்கு,

முதலில் கரடி.

பதினைந்தாம் தேதி விடியற்காலை வந்தாள். போலித் தொட்டி முன்னால் உட்கார்ந்து வட்டத்துக்குக் கீழே கையை விட்டாள். பாலத்தடிக் கேமராவில் பார்த்தேன். எவ்வளவு பதவிசாக விடுகிறாள் தெரியுமா? என் பட்டறையில் இருக்கும் சின்னவனுக்கு அந்தப் பக்குவம் இல்லை. திறக்கவில்லை. மறுபடி. மறுபடி. இருபது நிமிஷம். அப்புறம் ஓர் அறை விட்டாள், தொட்டி ஆற்றில் போய் விழுந்தது. அடுத்த நாள் மற்ற ஐந்தையும் பார்த்தாள். பதினெட்டாம் தேதி ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போனாள். பத்தொன்பதாம் தேதி ஒரு குட்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்க, அவள் பக்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் எறும்புப் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். இருபத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு நகராட்சிப் பொறியாளர் போன் செய்தார். "கடைத்தெருவுல ஒரு தொட்டி திறந்து கெடக்கு. குப்பையெல்லாம் ரோட்டுல. தலைவர் வனத்துறைக்குப் போன் போடறாரு."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மூடி மல்லாந்து கிடந்தது. உன் அண்ணி பின்னாலேயே வந்து, "மொதல்ல கேமராவப் பாருங்க" என்றாள். பக்கத்து மருந்துக்கடைக் கேமராவில் பார்த்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் பையோடு வருகிறார். தாழைத் தேடுகிறார், தடவுகிறார், குனிகிறார், கடைசியில் திறந்துவிடுகிறார். மூடத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நழுவிப் போகிறார். ராத்திரி நாய்கள் வந்து இழுத்துப் போட்டிருக்கின்றன.

பையோடு வந்தவர் தலைவர்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுத் தாழ் எப்போ வரும்?" என்றார். அவ்வளவுதான். வனத்துறைக்குப் போட்ட போனை அவரே மறுபடி போட்டு வேண்டாம் என்றார்.

புதுத் தாழ் தயார். கட்டைவிரலால் ஒரு குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் இழுக்க வேண்டும். கட்டைவிரல் இல்லாதவருக்குத் திறக்காது. மேலே எந்த அடையாளமும் வேண்டியதில்லை. இதுவரை அறுபத்திரண்டு மாட்டியாயிற்று.

இப்போது உன் கடிதம். அதை உன் அண்ணியிடம் கொடுக்காமல் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவளே எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "அவ பயந்துதான் போனான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என் கையப் புடிச்சிருந்தா, அவ கைதான் சில்லுனு இருந்துச்சு. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

எனக்கும் தெரியும் தங்கச்சி. அன்றைக்கு எனக்கும் ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. நீ ஓடிவிட்டாய், என்னால் முடியவில்லை. அந்த ஆத்திரம்தான்.

அண்ணன்


செப்டம்பர் 27

அண்ணா,

நேற்று மதியம் கிழிஞ்சகாது வந்தாள். குட்டிகள் இரண்டும் கூட. நான் எதிர்ச்சரிவில் தொலைநோக்கியோடு படுத்திருந்தேன்.

நாலாவது பெட்டிக்கு நேராக வந்தாள். வட்டத்துக்கு முன்னால் நின்றாள். ஒரு தடவை பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, பார்த்தது மட்டும்தான். பிறகு திரும்பி, மேலே பழப்புதர்கள் இருக்கும் பக்கமாக ஏறிப் போய்விட்டாள். குட்டிகள் பின்னாலேயே ஓடின. அந்தப் பழங்கள் இப்போதுதான் பழுத்திருக்கின்றன. இனிமேல் பனிவரைக்கும் அவளுக்கு மேலேதான் வேலை.

நாலு மாதம் அவள் வட்டத்தைத் திறப்பதைப் பார்த்துப் பார்த்துக் குறித்தவள் நான். திறக்காமல் போனதைக் குறிக்கப் பென்சிலை எடுத்தேன், கண்ணீரில் நோட்டு தெரியவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சுகமாக இருந்தது.

பெட்டி எட்டும் அடுத்த ஜீப்பில் கீழே வருகின்றன. உடைத்துவிடு.

தங்கை


அக்டோபர் 1

தங்கச்சிக்கு,

நேற்று முப்பது. கரடி ஒரு தொட்டியையும் திறக்கவில்லை. உத்தரவை ரத்து செய்து தலைவர் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். உன் அனுமதியைப் பற்றியும் பேச்சு வந்தது. இனிமேல் எந்தச் சோதனைக்கு முன்னாலும் ஊரில் வந்து காட்டிவிட்டுச் செய் என்றார்கள். நியாயம்தானே?

வெளியே வந்ததும் பொறியாளர் என் தோளைத் தட்டி, "உங்க தொட்டி லட்சணம் பரவால்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விருது.

வருகிற ஒன்பதாம் தேதி, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க உன் அண்ணிக்கு ஒன்றரை வருஷ ஸ்கேன். இந்தச் சொல்லை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் போக வேண்டும். வா என்று சொல்லவில்லை. தேதியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணன்


அக்டோபர் 4

அண்ணா,

எட்டாம் தேதி ஜீப்பில் வருகிறேன். அண்ணி எந்தக் கதவுவரைக்கும் போகிறாளோ அந்தக் கதவுவரைக்கும் நானும் போவேன். ரிப்போர்ட் வரும்வரை இருக்க முடியாது, பதினோராம் தேதி திரும்ப வேண்டும். இந்த முறை நிஜமாகவே வேலை இருக்கிறது. நம்பு.

தங்கை


அக்டோபர் 17

என் தங்கச்சிக்கு,

நீ இருந்த மூன்று நாளும் வீட்டில் ஒரே சத்தம். ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ், "ஒருத்தர்தான் உள்ள வரலாம்" என்றபோது நீ என்னைத் தள்ளிவிட்டு நுழைந்ததை உன் அண்ணி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

இன்று மாலை ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. உன் அண்ணிதான் அமைதியாக இருந்தாள்.

தொட்டி வேலை முடிந்துவிட்டது, நூற்று நாற்பதிலும் புதுத் தாழ். இரண்டு வாரமாகக் கேமராவில் நரி, பூனை, தலைவர் தவிர யாரும் வரவில்லை. இதையெல்லாம் சாவகாசமாகச் சொல்லலாம். நாளைச் சனிக்கிழமை ஜீப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பாய் என்று தெரியும். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதி முடிக்கிறேன். படத்தை மேசையில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், உன் அண்ணியைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

"ஒண்ணுமில்ல."